ஆட்டம் ஹார்ட் மதர்: முதல் தட்டு எங்கே விழுகிறது?

1970-இன் முற்பகுதி. லண்டன் அபே ரோட்டில் இருக்கும் இ.எம்.ஐ. ஸ்டுடியோவில் பிங்க் ஃப்ளாய்ட் ராக் இசைக்குழுவின் நிக் மேசனும் ரோஜர் வாட்டர்ஸும் வாசிக்க உட்கார்கிறார்கள். ஒருவரிடம் டிரம்ஸ், இன்னொருவரிடம் பேஸ் கிதார். 23 நிமிடத்துக்கு மேல் ஓடப்போகும் ஒரு படைப்பின் அடித்தளத்தை, முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை நிறுத்தாமல் வாசித்து டேப்பில் ஏற்ற வேண்டும். கூடவே கிதார் இல்லை, ஆர்கன் இல்லை. அடுத்து எந்தப் பகுதி வருகிறது, அது எத்தனை சுற்று நீள்கிறது என்பதையெல்லாம் மனதிலேயே எண்ணிக்கொண்டு போக வேண்டும். ஒரு இடம் தவறினால் மறுபடி முதலிலிருந்து.

துண்டு துண்டாக வாசித்து ஒட்டியிருக்கலாமே என்று தோன்றும். அந்தக் காலத்தில் டேப்பை பிளேடால் வெட்டி ஒட்டுவது ஸ்டுடியோக்களில் அன்றாட வேலைதான். ஆனால் அபே ரோட்டுக்கு அப்போதுதான் ஒரு அங்குல அகல டேப்பில் எட்டு ஒலித்தடங்களைத் தனித்தனியாகப் பதியும் 8 ட்ராக் மெஷின் வந்திருந்தது. வெட்டி ஒட்டினால் ஒலியின் தரம் கெடும் என்று பயந்த நிர்வாகம், அந்த டேப்பில் கத்தரி வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டது. அதனால்தான் இரண்டு பேரும் அந்த நெடும்பயணத்தை ஒரே வீச்சில் கடக்க வேண்டியிருந்தது.

விளைவு, வேகம் சீராக நிற்கவில்லை. சில இடங்களில் தாளம் கொஞ்சம் முந்துகிறது, சில இடங்களில் தளர்கிறது. ஒரு ராக் பாட்டில் இது பெரிய விஷயமே இல்லை. கிதார்காரரும் கூடவே முந்துவார், கூடவே தளர்வார். ஆனால் இந்த டேப்பின் மேல்தான் சில மாதம் கழித்துப் பத்து பித்தளை ஊதுகருவிகளும், ஒரு செல்லோவும், 20 பேர் கொண்ட கோரஸும் ஏறப்போகின்றன. பிங்க் ஃப்ளாய்டின் 'ஆட்டம் ஹார்ட் மதர்' ஆல்பத்தில் நடந்த நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் வேர் இந்த ஒரு விஷயத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ராக் இசைக்குழுவையும் ஆர்க்கெஸ்ட்ராவையும் சேர்த்த ஆல்பங்களைப் பற்றிப் பேசும்போது ரசனை, பகட்டு, பணவிரயம் என்றே பேச்சு போகும். அதற்கெல்லாம் முன்னால் வருவது காலம், அதாவது இசையின் வேகமும் தாளமும். காலத்தை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்ற கேள்வி.

கொஞ்சம் பின்னணி சொல்ல வேண்டும். 1968-இல் சிட் பாரெட் விலகியபோது பிங்க் ஃப்ளாய்ட் தன் பாடலாசிரியரை இழந்தது. மேடையில் மக்கள் பார்க்க வந்த முகத்தையும் இழந்தது. வாட்டர்ஸ், மேசன், கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட், புதிதாக வந்த கிதார்காரர் டேவிட் கில்மர் ஆகிய நால்வரும் அடுத்து எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் எல்லாப் பக்கமும் போய்ப் பார்த்த வருடங்கள் அவை. 1969-இல் வந்த 'உம்மகும்மா' இரட்டை ஆல்பத்தில் ஒரு தட்டு முழுக்க மேடைப் பதிவு. இன்னொரு தட்டில் ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துக்கொண்டு தனித்தனியாகச் சோதனை செய்தார்கள். அந்த ஆண்டின் இறுதியில் ரோமுக்குப் போய் இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனியின் ஒரு படத்துக்கு இசை செய்தார்கள். செய்ததில் பெரும்பகுதியை அவர் ஏற்கவில்லை.

அந்தச் சமயத்தில் கில்மரிடம் ஒரு ஸ்வர வரிசை இருந்தது. வெஸ்டர்ன் படத்தில் குதிரைகள் ஓடும்போது வருமே, அந்த மாதிரி அகலமான, வீரமான ஒரு வரிசை. எடுக்கப்படாத ஒரு கௌபாய் படத்துக்கான இசை என்றே அவர் அதற்குப் பெயர் வைத்திருந்தார். ஒத்திகையில் மற்றவர்களும் தங்கள் துண்டுகளைச் சேர்க்கச் சேர்க்க, அது வளர்ந்துகொண்டே போனது. 1970 ஜனவரியிலிருந்தே மேடையில் வாசித்தார்கள். 'அமேசிங் புட்டிங்' என்று ஒரு தற்காலிகப் பெயரும் இருந்தது.

ஒரு இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே படைப்பு என்பது அன்றைய இங்கிலாந்தில் விசித்திரமான ஆசை இல்லை. மூன்று நிமிட சிங்கிள் ரேடியோவுக்கு; இருபது நிமிடத்துக்கு மேல் பிடிக்கும் எல்.பி.யின் ஒரு பக்கம் அறையில் உட்கார்ந்து கவனமாகக் கேட்கும் மாணவர்களுக்கு. பல்கலைக்கழக அரங்குகளில் இப்படிப்பட்ட ரசிகர் கூட்டம் பெருகியதைப் பார்த்துதான் இ.எம்.ஐ. 1969-இல் ஹார்வெஸ்ட் என்று தனி லேபிளே தொடங்கியது. புரோகிரசிவ் ராக் என்று இன்று நாம் சொல்லும் வகை இந்தச் சூழலில் உருவானது. ஆர்க்கெஸ்ட்ரா சேர்ப்பதும் புதிதல்ல. 1967 பிப்ரவரியில் பீட்டில்ஸ் இதே அபே ரோட்டில் 40 கலைஞர்களை வரவழைத்து, 'எ டே இன் த லைஃப்' பாட்டில் அடிஸ்தாயியிலிருந்து உச்சிவரை இழுத்து ஏறவைத்திருந்தார்கள்.

சரி, பிங்க் ஃப்ளாய்டிடம் அடித்தளம் இருந்தது. ஸ்வர வரிசை இருந்தது. நீளமும் இருந்தது. மேலே நிற்க வேண்டிய இசைதான் இல்லை. 20 நிமிடத்துக்கு மேல் கேட்பவரைப் பிடித்து வைக்கும் ஒரு கதைப்போக்கு அதில் இல்லை என்பது அவர்களுக்கே தெரிந்தது. அந்த இடத்தில்தான் ரான் கீசின் வருகிறார்.

கீசின் ஸ்காட்லாந்துக்காரர், 1943-இல் பிறந்தவர். பழைய பாணி ஜாஸ் குழுவில் பியானோ வாசித்தவர், பாஞ்சோ வாசிப்பவர். லண்டனில் தன் வீட்டுக்குள்ளேயே டேப் மெஷின்களை வைத்துக்கொண்டு ஒலிகளை வெட்டி ஒட்டி விசித்திரமான படைப்புகள் செய்துகொண்டிருந்தவர். மேசனுக்கு முதலில் நண்பர், பிறகு வாட்டர்ஸுக்கும் நெருக்கமானார். வாட்டர்ஸும் அவரும் சேர்ந்து கோல்ஃப் ஆடினார்கள், அதே ஆண்டு மனித உடலைப் பற்றிய ஒரு ஆவணப்படத்துக்குச் சேர்ந்து இசையும் செய்தார்கள். இசைக் கல்லூரியில் படித்து வந்தவர் இல்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பின்னால் நடந்த சண்டைக்கு அதுவும் ஒரு காரணம்.

இசைக்குழு அமெரிக்காவுக்குச் சுற்றுப்பயணம் கிளம்பியது. போகும்போது டேப்பைக் கீசின் கையில் கொடுத்துவிட்டு, பித்தளைக்கும் கோரஸுக்கும் எழுதி வை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கில்மர் ஒரு மெட்டுக்கு யோசனை சொன்னார், ரைட் கோரஸ் பகுதிக்காகச் சிறிது நேரம் கூட உட்கார்ந்தார். மற்றபடி தனியாகத்தான் வேலை. லண்டனில் அப்போது நல்ல வெயில். உள்ளாடையோடு உட்கார்ந்து மாதக்கணக்கில் எழுதியதாகக் கீசின் சொல்லியிருக்கிறார். அதே நேரத்தில் நியூ ஆர்லியன்ஸில் இசைக்குழுவின் கருவிகள் வண்டியோடு திருடுபோய், பெரும்பகுதி திரும்பக் கிடைத்தாலும், பயணத்தின் மிச்சக் கச்சேரிகள் ரத்தாகிவிட்டன.

அந்த மாதங்களில் கீசின் செய்தது சாதாரண 'அரேஞ்ச்மெண்ட்' இல்லை. பாட்டு முடிந்து, மெட்டு இருந்து, அதற்கு வயலின் சேர்ப்பதுதான் அரேஞ்ச்மெண்ட். இங்கே மெட்டே அவர்தான் எழுத வேண்டும். நமக்கு இன்று ஞாபகம் இருக்கும் அந்தப் பித்தளை முழக்கம், செல்லோ பாடும் அந்த நீண்ட வரி, கோரஸின் அடுக்குகள் எல்லாம் கீசின் தாளில் எழுதியவை. இசைக்குழுவின் நால்வரோடு ஐந்தாவதாக அவர் பெயரும் படைப்பாளிகள் வரிசையில் இருக்கிறது. ஆனால் ஆல்பத்தின் அட்டையில் ஒரு பசுமாடுதான் இருக்கிறது, யார் பெயரும் இல்லை. அந்த மாட்டின் புகழில் பாதியாவது கீசினுக்குப் போயிருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

ஜூனில் கீசின் தன் தாள்களோடு ஸ்டுடியோவுக்குள் போனார். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் லண்டனின் செஷன் கலைஞர்கள். காலையில் சினிமா பின்னணி, மாலையில் விளம்பர இசை என்று கடிகாரம் பார்த்து வேலை செய்பவர்கள். எதை முன்னால் வைத்தாலும் பார்த்தவுடன் வாசிக்கக்கூடிய திறமைசாலிகள். அதே சமயம், எதிரில் நிற்பவருக்குத் தங்கள் பாஷை தெரிகிறதா என்று இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுபவர்கள். கீசின் எழுதியவற்றில் சில வாசிக்கக் கடினமானவை. இந்த ஸ்வரத்தை எப்படி ஊத வேண்டும், இது எவ்வளவு நீளம் என்று அவர்கள் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். அவரால் அவர்களுக்குப் பழகிய சொற்களில் பதில் சொல்ல முடியவில்லை. ஹார்ன் வாசிப்பவர் ஒருவர் சீண்டிக்கொண்டே இருக்க, கீசின் அவரை அடிக்கப் போகும் அளவுக்கு நிலைமை முற்றியது. கடைசியில் கீசினை விலக்கிவிட்டு, கோரஸை நடத்த வந்திருந்த ஜான் ஆல்டிஸிடம் மொத்தப் பொறுப்பையும் கொடுத்தார்கள்.

ஆல்டிஸ் நவீன செவ்வியல் கோரஸ் இசையில் தேர்ந்தவர். அமைதியானவர். கலைஞர்கள் அவர் சொன்னதைக் கேட்டார்கள், வேலை முடிந்தது. ஆனால் கீசினின் காதில் ஒலித்தது ஜாஸ் பித்தளை. தாளத்தை வெட்டி வெட்டி அடிக்கும் பித்தளை. ஆல்டிஸ் கொண்டுவந்தது உருண்டு திரண்ட, சற்றே மென்மையான ஒலி. தான் நினைத்த அந்த வெட்டு பதிவில் வரவில்லை என்பது கீசினின் குறை. ஆல்பத்தைக் கேட்டால் அவர் சொல்வது புரிகிறது.

இப்போது காலத்துக்கு வருவோம். ராக் இசைக்குழுவில் காலம் டிரம்ஸ் வாசிப்பவரின் உடம்பில் இருக்கிறது. மற்றவர்கள் அதை முதுகெலும்பில் உணர்ந்து வாசிக்கிறார்கள். யாரும் எண்ணுவதில்லை. ஆர்க்கெஸ்ட்ராவில் காலம் நடத்துநரின் கைக்கோலிலும் தாளிலும் இருக்கிறது. கோல் இறங்கிய நொடிக்கும் ஒலி எழும் நொடிக்கும் இடையே மெல்லிய தாமதம் ஒன்று உண்டு. ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து அந்தத் தாமதத்தோடு வாசிப்பதால் அது குறையாகவே தெரியாது. அந்த ஒலியின் கனமே அதில்தான் இருக்கிறது. டிரம்ஸ் அப்படி இல்லை, தட்டிய நொடியே ஒலி. இரண்டையும் ஒன்றாக வைத்தால் பித்தளை எப்போதும் ஒரு மயிரிழை பின்தங்கிக் கேட்கும்.

இது எல்லா ராக், ஆர்க்கெஸ்ட்ரா கூட்டணிகளுக்கும் பொதுவான பிரச்சினை. பிங்க் ஃப்ளாய்டுக்கு மட்டும் இன்னொன்றும் சேர்ந்தது. வழக்கமாக நடத்துநர் வேகத்தைத் தீர்மானிப்பார், மற்றவர்கள் தொடர்வார்கள். இங்கே நடத்துநரே டேப்பைத் தொடர வேண்டியிருந்தது. அந்த டேப்போ முந்தும், தளரும். எங்கே முந்தும் என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. அப்போது அந்த இருவருக்கும் அது தோன்றியது, அவ்வளவுதான். ஒரு மனிதரின் அன்றைய மூச்சைப் பின்னாலிருந்து பத்து ஊதுகருவிகள் துரத்திப் பிடிக்க வேண்டும்.

இன்னும் நுட்பமான ஒரு சிக்கலும் இருந்தது. ஒரு பகுதியில் சுற்றின் முதல் தட்டு எது என்பதிலேயே இசைக்குழுவின் கணக்கும் கீசினின் கணக்கும் ஒத்துப்போகவில்லை. இதைப் புரிந்துகொள்ள நமக்குக் கர்நாடக சங்கீதமே போதும். பல்லவி சமத்தில், அதாவது தாளத்தின் முதல் தட்டிலேயே, எடுக்கிறதா, தள்ளி எடுக்கிறதா என்பது தெரியாமல் தாளம் போட ஆரம்பிப்பவர், பாட்டு முழுக்க சரியான வேகத்தில்தான் தட்டுவார். ஆனால் தட்டு விழும் இடமெல்லாம் தப்பாக இருக்கும். டேப்பில் வெறும் டிரம்ஸும் பேஸும் கேட்கும்போது, எது சமம், எது எடுப்பு என்று இரண்டு விதமாகவும் எண்ணிவிட முடியும். தாளில் ஒரு தட்டு தள்ளிக் கோடு போட்டுவிட்டால், 20 பேர் கோரஸும் அந்தத் தட்டு தள்ளியே வரும். தான் நினைத்ததிலிருந்து ஒரு தட்டு விலகிய நிலையிலேயே அந்தப் பகுதி பதிவாகிவிட்டது என்று கீசின் பின்னாளில் சொன்னார். ஸ்டுடியோ நேரம் ஓடிக்கொண்டிருந்தது, கலைஞர்களுக்கு மணிக்கணக்கில் சம்பளம். திருத்த நேரமில்லை, அப்படியே விட்டுவிட்டார்கள்.

ஆல்பத்தின் முதல் பக்கத்தை, அதாவது இந்தப் படைப்பை, ஒருமுறை இந்தக் காதோடு கேட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் ஆர்கனின் தாழ்ந்த ரீங்காரம், அதன்மேல் பித்தளைகள் ஒன்றோடொன்று முணுமுணுக்கின்றன. அப்புறம் டிரம்ஸ் நுழைய, பெரிய மெட்டு எழுகிறது. குதிரை கனைக்கிறது, மோட்டார் பைக் உறுமிப் போகிறது, வெடிச்சத்தம். இந்த இடத்தில் பித்தளைக்கும் டிரம்ஸுக்கும் நடுவே இருக்கும் இழுபறியைத் தெளிவாகக் கேட்கலாம். ஊர்வலத்தின் முன்வரிசை ஒரு வேகத்திலும் பின்வரிசை ஒரு வேகத்திலும் நடப்பதைப் போல.

மூன்றாவது நிமிடம் நெருங்கும்போது எல்லாம் அடங்கி, ஹஃப்லிடி ஹால்கிரிம்சனின் செல்லோ வருகிறது. ஐஸ்லாந்துக் கலைஞர். ஒரே ஒருவர் என்பதால் அவரால் டேப்போடு வளைந்து போக முடிகிறது. கோல் எதையும் பார்க்காமல், காதால் கேட்டு வாசிக்கிறார் என்ற உணர்வு வருகிறது. பின்னால் கில்மரின் ஸ்லைடு கிதார் அதே வரியின் நினைவோடு மேலே ஏறுகிறது. ஆல்பத்தில் செவ்வியல் கருவியும் ராக் கருவியும் உண்மையிலேயே ஒருவர் பேச்சை ஒருவர் கேட்கும் இடம் இது.

ஐந்தரை நிமிடத்தை ஒட்டி கோரஸ் தொடங்குகிறது. ரைட்டின் ஆர்கன்மேல் முதலில் ஒரு பெண் குரல், பிறகு இன்னொன்று, பிறகு ஆண் குரல்கள். சொற்கள் கிடையாது. டிரம்ஸ் ஆரம்பத்தில் இல்லை. குரல்கள் அடர்த்தியாகும்போது மெல்லச் சேர்ந்து, உச்சத்துக்குக் கொண்டுபோய்விட்டு விலகுகிறது. இந்த நான்கு நிமிடத்துக்காகவே இந்த ஆல்பம் நிற்கும் என்பேன். ஏன் இது இவ்வளவு நன்றாக இருக்கிறது என்று யோசித்தால் காரணம் அதே காலம்தான். கூர்மையான தட்டு இல்லாத இடத்தில் வேகத்தின் ஏற்ற இறக்கம் பிழையாகக் கேட்பதில்லை, மூச்சாகக் கேட்கிறது. கோரஸ் பாடகர்களுக்கு மூச்சோடு போவது இயல்பு. டேப்பின் பலவீனம் இங்கே பலமாகிவிட்டது.

பத்தாவது நிமிடத்துக்குப் பிறகு சூழலே மாறுகிறது. பேஸும் டிரம்ஸும் சோம்பலான ஒரு ஃபங்க் நடையைப் பிடிக்க, கில்மர் ப்ளூஸ் வாசிக்கிறார். அது முடிய, அதே நடையின்மேல் கோரஸ் அர்த்தமில்லாத அசைகளை வெட்டி வெட்டிச் சொல்கிறது. முதல் தட்டுச் சிக்கல் இந்தக் கோரஸ் பகுதியைச் சேர்ந்ததுதான். ஆச்சரியம் என்னவென்றால், அந்த விலகல் அதற்கு ஒரு வினோதமான சாய்வைக் கொடுத்திருக்கிறது. ஏதோ ஒரு சடங்கில் தெரியாத மந்திரம் கேட்பதுபோல் இருக்கிறது. சரியாக விழுந்திருந்தால் இன்னும் உறுதியாக இருந்திருக்கும், இவ்வளவு விசித்திரமாக இருந்திருக்குமா என்பது சந்தேகமே. கீசின் இதை ஒப்புக்கொள்ள மாட்டார், அதில் அவருக்கு நியாயமும் இருக்கிறது.

பெரிய மெட்டு ஒருமுறை திரும்பி வந்துபோன பிறகு வரும், பல ஒலிகளை ஒட்டிச் சேர்த்த ஒலிக்கோலம் அன்றைய சோதனை மோகத்தின் மிச்சம். எனக்கு அது தேவையில்லாத நீட்சி. அதற்குள் பழைய பகுதிகளெல்லாம் கிழிந்த துண்டுகளாக வந்து மோத, "ஸ்டுடியோவில் அமைதி" என்று ஒரு குரல் அதட்ட, பெரிய மெட்டு இன்னொரு முறை எழுகிறது. செல்லோ திரும்புகிறது, கிதார்கள் திரும்புகின்றன, கடைசியில் பித்தளையும் கோரஸும் சேர்ந்து, சோகச் சாயலுள்ள மைனரிலிருந்து பிரகாசமான மேஜருக்கு மாறி முடிக்கின்றன.

இரண்டாம் பக்கத்தில் வாட்டர்ஸ், ரைட், கில்மர் மூவருக்கும் ஆளுக்கொரு பாட்டு, பிறகு ஒருவர் காலை உணவு செய்யும் ஒலிகளோடு ஒரு கூட்டுப் படைப்பு. இதில் கவனிக்க வேண்டியது ரைட்டின் 'சம்மர் 68'. அதிலும் பித்தளை முழங்குகிறது, எந்தச் சிரமமும் இல்லாமல். பாட்டு சில நிமிடம்தான், கட்டுக்கோப்பானது, பித்தளை வரும் இடமும் தெளிவானது. ஆக, பித்தளையும் ராக்கும் ஒத்துவராது என்பதெல்லாம் இல்லை.

மற்றவர்கள் இந்தக் காலப் பிரச்சினையை எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்த்தால், பிங்க் ஃப்ளாய்ட் எவ்வளவு கடினமான பாதையில் போனது என்பது விளங்கும். மூடி ப்ளூஸ் 1967-இல் வெளியிட்ட 'டேஸ் ஆஃப் ஃப்யூச்சர் பாஸ்ட்' ஆல்பத்தில் இசைக்குழுவும் ஆர்க்கெஸ்ட்ராவும் பெரும்பாலும் சந்திப்பதே இல்லை. பாட்டு முடிந்ததும் பீட்டர் நைட் எழுதிய ஆர்க்கெஸ்ட்ரா இணைப்பு வரும். அது முடிந்ததும் அடுத்த பாட்டு. பாட்டுக்குள் கேட்கும் வயலின் மாதிரியான ஒலியெல்லாம் மைக் பிண்டரின் மெலோட்ரான், டேப்பில் பதிந்த ஒலிகளை எழுப்பும் கீபோர்டு. டீப் பர்ப்பிளின் ஜான் லார்ட் 1969 செப்டம்பர் 24 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், மால்கம் ஆர்னல்ட் நடத்த, ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவோடு இசைக்குழுவும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் மூன்று பாகமுள்ள கான்செர்டோவை அரங்கேற்றினார். முதல் பாகத்தில் இரு தரப்பும் எதிரிகளைப் போல மாறி மாறி வாசிக்கும்படிதான் எழுதியிருந்தார். ஒரே மேடை, ஒரே நடத்துநர், எல்லாம் தாளில் முன்கூட்டியே தயார்.

அவர்களெல்லாம் முறை வைத்து வாசித்தார்கள், இல்லையென்றால் தாளிலிருந்து தொடங்கினார்கள். பிங்க் ஃப்ளாய்ட் டேப்பிலிருந்து தொடங்கி, அதன்மேல் தாளை ஏற்றியது. அதிலும் இரு தரப்பையும் ஒரே நேரத்தில் வாசிக்கவைத்தது. கீசின் ஒரு நிலையான வேகத்துக்கு முதலில் எழுதிவிட்டு, பிறகு எல்லாரும் சேர்ந்து பதிவு செய்திருந்தால் ஆல்பம் வேறு மாதிரி வந்திருக்கும். ஆனால் என்ன எழுத வேண்டும் என்பதே டேப்பைக் கேட்ட பிறகுதானே அவருக்குத் தெரிந்தது? தொழில் முறைப்படி பார்த்தால் தலைகீழ். ஆனால் அந்தத் தலைகீழ் வரிசை இல்லாமல் இந்தப் படைப்பு பிறந்திருக்கவே வாய்ப்பில்லை.

பெயர் வந்த கதை பலருக்கும் தெரியும். 1970 ஜூலை 16 அன்று பி.பி.சி.க்காக வானொலித் தொகுப்பாளர் ஜான் பீல் தொகுத்த கச்சேரிக்கு லண்டன் பாரிஸ் சினிமா அரங்குக்குப் போயிருக்கிறார்கள். படைப்புக்கு இன்னும் பெயர் இல்லை. கீசின் அன்றைய 'ஈவ்னிங் ஸ்டாண்டர்ட்' மாலைப் பத்திரிகையைக் காட்டி, உன் தலைப்பு இதற்குள் இருக்கிறது என்றாராம். அணுசக்தியில் இயங்கும் இதயக் கருவி பொருத்தப்பட்ட ஒரு தாயைப் பற்றிய செய்தி. வாட்டர்ஸ் அதன் தலைப்பை எடுத்துக்கொண்டார். அட்டையில் இருக்கும் மாடு, அட்டை வடிவமைக்கும் ஹிப்நாசிஸ் நிறுவனத்தின் ஸ்டார்ம் தார்கர்சனின் வேலை. லண்டனுக்கு வெளியே பாட்டர்ஸ் பார் பக்கம் வயலில் நின்ற மாடு. அக்டோபரில் வெளிவந்த ஆல்பம் இங்கிலாந்தில் முதலிடத்துக்குப் போனது. பிங்க் ஃப்ளாய்டுக்கு அங்கே கிடைத்த முதல் முதலிடம் அதுதான்.

மேடையில் கதை வேறு. ஜூன் இறுதியில் பாத் திருவிழாவிலும், ஜூலை 18 அன்று ஹைட் பார்க் இலவசக் கச்சேரியிலும் பித்தளையோடும் கோரஸோடும் வாசித்தார்கள். திறந்தவெளியில், பெரிய ஒலிபெருக்கிகளுக்கு நடுவில், 20 பேர் குரலை மைக்கில் பிடித்து டிரம்ஸோடு பொருத்துவது அன்றைய கருவிகளுக்கு எட்டாத வேலை. ஹைட் பார்க்கில் கேட்டதைத் தாங்க முடியாமல் கீசின் அழுதுகொண்டே கிளம்பிப் போய்விட்டார். போகும் ஊரிலெல்லாம் புதிதாக ஊதுகருவிக்காரர்களையும் கோரஸையும் ஏற்பாடு செய்ய வேண்டும், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஒத்திகை. செலவு கட்டுப்படியாகவில்லை. பல இடங்களில் நால்வர் மட்டுமே சுருக்கி வாசித்தார்கள், 1972-க்குப் பிறகு அதுவும் நின்றது.

நால்வர் மட்டும் வாசித்ததுதான் அவர்களுக்குப் பெரிய பாடம் கற்றுக்கொடுத்தது என்று நினைக்கிறேன். அடுத்த ஆண்டு வந்த 'மெடில்' ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் முழுக்க 'எக்கோஸ்'. ஏறக்குறைய அதே 23 நிமிட நீளம். தொடக்கம், மெதுவான ஏற்றம், நடுவில் ஃபங்க் நடை, அதற்குப் பின் ஒலிக்கோலம், திரும்பி வரும் முதல் மெட்டு என்று எலும்புக்கூடும் கிட்டத்தட்ட அதே. ஆனால் வெளியார் ஒருவர்கூட இல்லை, காலம் முழுக்க அவர்கள் கையில். நீளத்தை எப்படித் தாங்கிப் பிடிப்பது என்பதைக் கீசின் எழுதிய தாள்களிலிருந்து அவர்கள் கற்றுக்கொண்டார்கள். 'ஆட்டம் ஹார்ட் மதர்' பதிவில் உதவி ஒலிப்பொறியாளராக இருந்த ஆலன் பார்சன்ஸ்தான் 1973-இல் 'டார்க் சைட் ஆஃப் த மூன்' ஆல்பத்தின் ஒலிப்பொறியாளர். ஆர்க்கெஸ்ட்ராவை அவர்கள் மறுபடி பெரிய அளவில் பயன்படுத்தியது 1979-இல் 'த வால்' ஆல்பத்தில், மைக்கேல் கேமன் எழுதிக் கொடுத்தபோது. அங்கே பாட்டு முன்பே முடிந்திருந்தது. ஆர்க்கெஸ்ட்ரா அதற்கு நிறம் கொடுத்தது, அவ்வளவே.

இந்த வெற்றிகளுக்குப் பின்னால் நின்று திரும்பிப் பார்த்த வாட்டர்ஸுக்கும் கில்மருக்கும் 'ஆட்டம் ஹார்ட் மதர்' பிடிக்காமல் போனது. குப்பைத் தொட்டியில் போட வேண்டியது என்று வாட்டர்ஸ் ஒரு பேட்டியில் சொன்னார். கில்மரும் கடுமையாகவே பேசியிருக்கிறார். இதில் எனக்கு உடன்பாடு இல்லை. இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் 'எ க்ளாக்வொர்க் ஆரஞ்ச்' படத்துக்கு இந்த இசையைக் கேட்டதும், வாட்டர்ஸ் மறுத்ததும் வரலாறு. அந்தப் படத்தின் ரெக்கார்டு கடைக் காட்சியில் அந்த மாட்டு அட்டை மட்டும் தெரியும். குப்ரிக்குக்குக் கேட்டது என்ன என்று யோசித்தாலே போதும், இதைக் குப்பை என்று ஒதுக்க மனம் வராது.

கில்மரின் மனமும் ஒரு கட்டத்தில் இளகியது. 2008 ஜூனில் லண்டன் கடோகன் ஹாலில் கீசின் இந்தப் படைப்பை இரண்டு மாலை மேடையேற்றினார். பித்தளை, செல்லோ, கோரஸ் எல்லாம் இருந்தன. இசைக்குழு இடத்தில் இத்தாலியிலிருந்து வந்த, பிங்க் ஃப்ளாய்ட் பாட்டுகளை வாசிக்கும் ஒரு குழு. இரண்டாம் நாள் கில்மரே வந்து கிதார் வாசித்தார்.

புதிதாகக் கேட்பவர்களுக்கு ஒரு யோசனை. 2016-இல் வந்த 'த எர்லி இயர்ஸ்' தொகுப்பில், ஆர்க்கெஸ்ட்ரா ஏறுவதற்கு முன் இசைக்குழு மட்டும் வாசித்த ஸ்டுடியோ வடிவம் இருக்கிறது. அதை முதலில் கேளுங்கள். எங்கே வெறுமை தெரிகிறது, எங்கே வேகம் நழுவுகிறது என்று கவனித்துவிட்டு, உடனே ஆல்பத்தைப் போடுங்கள். அந்த வெறுமையில் எதையெல்லாம் வைக்கலாம் என்று கீசினுக்கு எப்படித் தோன்றியது என்பது செல்லோ வரும் இடத்திலேயே தெரிந்துவிடும்.